மறைக்க எனக்கு ஒன்றுமில்லை என்பவர்களுக்கு

நீண்ட பதிவு. பென்ஷன் வாங்குகிற வாத்தியார் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாலு பேர் நின்றிருந்தோம். நண்பர் ஒருவர் புது செயலி ஒன்றைக் காட்டினார். அவருடைய மெயிலுக்குள் போய் எல்லா பில்லையும் தானே தேடி எடுத்து, மாதவாரியாக அடுக்கிக் கொடுக்கிறதாம். "அது என்னென்ன அனுமதி கேட்டுச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டேன். சிரித்தார்.

"விடுங்க சார். நம்மகிட்ட மறைக்க என்ன இருக்கு? பென்ஷன் ஸ்லிப்பும் கரண்ட் பில்லும்தானே. படிச்சுட்டுப் போறான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை அட்சரம் பிசகாமல் சொன்னவன் நான். அது எவ்வளவு தவறான பேச்சு என்பதை எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

முதலில் ஒரு பழைய கதை.

எண்பதுகளில் சதுரங்கப்பட்டினம் பக்கம் வேலை. மாலையில் சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைக்கு நடந்து போனால் குப்பத்தில் யாராவது கூப்பிடுவார்கள். "வாத்தியாரே, ஒரு கடுதாசி வந்திருக்கு, படிச்சுச் சொல்லேன்." மகனோ மருமகனோ துபாயிலிருந்து எழுதிய நீலநிற ஏரோகிராம். படலைத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பேன். எவ்வளவு பணம் அனுப்பியிருக்கிறான், யாரிடம் கடன் வாங்கியிருக்கிறான், தங்கச்சி கல்யாணத்தை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறான், பெண்டாட்டிக்கு மட்டும் சொல்ல வேண்டிய இரண்டு வரி, எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவர்களுக்குப் போய்ச்சேரும்.

ஒரு பாட்டி முதல் நாளே சொன்னாள். "படிக்கிறவன் வாய் இங்கேயே மூடிக்கணும், ஆமா." என் தொழிலில் எனக்குக் கிடைத்த பயிற்சிகளில் அதைவிட நல்ல பயிற்சி எதுவும் இல்லை. ஒரு குப்பத்துக் கடிதத்தில் இருந்ததை இன்னொரு குப்பத்தில் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தக் காலத்தில் ஊருக்கே இந்த உணர்வு இருந்தது. 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டப்படி, முறையின்றி அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கும் அஞ்சல் ஊழியர் குற்றவாளி. 1986ல் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்குப் பரந்த அதிகாரம் தரும் அஞ்சல் திருத்த மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் கொடுக்காமல் அப்படியே வைத்துவிட்டார். அந்த மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை. எங்கள் ஆசிரியர் அறையில் அதைப் பற்றி நாள்கணக்கில் பேசியிருக்கிறோம். நாட்டின் முதல் குடிமகன் கையெழுத்துப் போடத் தயங்கிய காரியத்தை இன்று நாம் டீ ஆறுவதற்குள் கட்டைவிரலால் செய்துவிடுகிறோம்.

இனி என் அவமானத்துக்கு வருகிறேன்.

2020 ஊரடங்கு சமயம். ஒருநாள் காலை என் வாட்ஸ்அப்புக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. மாமல்லபுரத்தில் கல்சிற்பப் பட்டறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவனின் முகம், ஆதார் அட்டை. மேலே கொட்டை எழுத்தில் 'திருடன்'. கீழே, "இவனுக்கு நீங்கள் ஜாமீன். பணத்தைக் கட்டச் சொல்லுங்கள்."

உடனே கூப்பிட்டேன். அழுதுகொண்டே பேசினான். சுற்றுலாப் பயணி ஒருவர் இல்லை, பட்டறையில் உளிச் சத்தமே இல்லை, வீட்டில் அரிசி இல்லை. செல்போனில் கடன் கொடுக்கும் ஏதோ ஒரு செயலியில் ஐயாயிரம் கேட்டிருக்கிறான். பிடித்தது போக மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. ஏழு நாளில் முழுசாகக் கட்ட வேண்டும். எட்டாம் நாள் அவனுடைய மாமியார், பட்டறை முதலாளி, தங்கையின் சம்பந்தி வீடு, நான் என்று போனில் இருந்த எல்லோருக்கும் அந்தப் படம் போய்விட்டது.

"என் நம்பரை ஏம்ப்பா குடுத்த?"

"நான் குடுக்கல சார். அதுவே எடுத்துக்கிச்சு."

"அனுமதி கேட்டிருக்குமே. படிக்காம ஏன் அமுக்குன?"

"இங்கிலீஷ்ல இருந்துச்சு சார்."

அவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் எடுத்தவன் நான். அதனால் இன்னும் கோபம் வந்து திட்டினேன். என் பெயரை, என் எண்ணை ஒரு கந்துவட்டிக் கும்பலிடம் கொடுக்க இவன் யார் என்ற கோபம்.

அவன் ஒருவன் மட்டும் மாட்டவில்லை. 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு இப்படிப்பட்ட கடன் செயலி வழக்கில் சீன நாட்டவர் இருவர் உட்படப் பலரைக் கைது செய்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் போனில் உள்ள தொடர்பு எண்கள், கோப்புகள், அழைப்புப் பட்டியல் இவற்றைத் தொடக்கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2023ல் கூகுளும் தன் ப்ளே ஸ்டோரில் கடன் செயலிகள் படங்களையும் தொடர்பு எண்களையும் எடுக்கத் தடை போட்டது. நல்ல காரியங்கள். எல்லாம் ஊர் சிரித்த பிறகு வந்தவை.

என் கோபம் நியாயம்தான் என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு என் முறை வந்தது.

என் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது. விளம்பர மெயில்களை எல்லாம் ஒரே தட்டில் சுத்தம் செய்து தரும் இலவசச் செயலி ஒன்று கண்ணில் பட்டது. கூகுள் கணக்கைத் தொடு என்றது, தொட்டேன். ஒரு திரை வந்தது. உங்கள் மின்னஞ்சல்கள் அனைத்தையும் படிக்க, எழுத, அனுப்ப, நிரந்தரமாக அழிக்க அனுமதிக்கிறீர்களா? நல்ல தெளிவான இங்கிலீஷ். முப்பத்து மூன்று வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. அமுக்கினேன். சிற்பப் பட்டறைப் பையனுக்காவது வயிற்றுப் பசி. எனக்கு என்ன பசி?

போன வருடம் என் மாணவி ஒருத்தி கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மகேந்திரா சிட்டியில் கணினி வேலை. பேச்சு இந்தப் பக்கம் திரும்பியது. என் போனை வாங்கி கணக்கின் அமைப்புகளைத் திறந்தாள். பதினோரு செயலிகள் என் கணக்கோடு தொங்கிக்கொண்டிருந்தன. வாழ்த்து அட்டை செய்வது, பி.டி.எஃப். மாற்றுவது, எப்போதோ விளையாடிய குறுக்கெழுத்து. அந்த மெயில் சுத்தம் செய்யும் செயலியும் அதில் இருந்தது.

"இதை எப்பவோ அழிச்சுட்டேனேம்மா."

"போன்ல அழிச்சா போன்ல இருந்துதான் சார் போகும். கூகுள் கணக்குல நீங்க குடுத்த அனுமதி அப்படியே இருக்கு. அவங்க சர்வர்ல இருந்து உங்க மெயிலுக்கு இன்னும் வரலாம்."

வெள்ளையடிக்க வந்தவனிடம் வீட்டுச் சாவி கொடுத்தோம், வேலை முடிந்தது, ஏணியும் வாளியும் போய்விட்டன, சாவி அவன் பையிலேயே இருக்கிறது. இந்த ஏற்பாடு கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. நம் பாஸ்வேர்டை வெளியாளிடம் கொடுக்கக்கூடாது என்பதற்காகத்தான், பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஒரு தனிச் சாவியைக் கொடுக்கும் முறை வந்தது. ஆனால் அந்தச் சாவி எந்த அறைக்கு, எத்தனை நாளைக்கு என்று பார்க்க வேண்டியவர் வீட்டுக்காரர். அந்தச் சாவி உள்ளவனிடம் ஓ.டி.பி.கூட யாரும் கேட்பதில்லை.

அன்று ராத்திரி என் மெயில் பெட்டியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து தேடினேன். கரண்ட் பில் இருந்தது. கூடவே சக ஆசிரியர் ஒருவரின் புற்றுநோய் மருத்துவ அறிக்கை, மருத்துவக் காப்பீட்டுக்காக அனுப்பியது. முப்பது நாற்பது பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், உதவித்தொகைக்காக. என் தம்பியின் பத்திர நகல்.

பிறகு அந்த மெயில்.

என்னிடம் படித்த பெண். வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டுக்குத் தெரியாமல் தொலைவில் ஒரு ஊரில் இருக்கிறாள். சான்றிதழ்கள் எல்லாம் பிறந்த வீட்டில் மாட்டிக்கொண்டன. இரண்டாம் படி வாங்கித் தரும்படி எனக்கு எழுதியிருந்தாள். புது முகவரி, போன் எண், வேலை பார்க்கும் இடம், திருமணப் பதிவுச் சான்று எல்லாம் அந்த மெயிலில். கடைசி வரி: "எங்க வீட்டுக்கு மட்டும் தெரியக்கூடாது சார்." தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட ஒரு முகவரிக்கு என்ன விலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செய்தித்தாள் படிக்கிறவர்கள்தானே நீங்கள்.

அவளைக் கூப்பிட்டுச் சொல்லத்தான் வேண்டும் என்று இரண்டு நாள் கழித்துத் துணிந்தேன். முழுதும் கேட்டாள். கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, "சார், நான் உங்களுக்குத்தானே அனுப்பினேன்?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை.

கெடுதல் எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அந்தச் செயலிக்காரர்கள் அதைப் படித்தார்களா, படித்து என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. என் குற்றமே அதுதான். அவள் வாழ்க்கையைப் பற்றிய ஒரு விஷயத்தில் 'ஒன்றும் ஆகியிருக்காது' என்று நம்பிக்கொண்டிருக்கும் நிலையில் அவளைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். குப்பத்துப் பாட்டியின் கடிதத்துக்கு வாய் மூடியவன், பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டேன்.

டீக்கடை நண்பருக்கு என் பதில் இதுதான். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லாமல் இருக்கலாம். உங்கள் பெட்டியில் இருப்பதில் பாதி உங்களுடையதே இல்லை. அடுத்தவர் நம்பிக் கொடுத்தது. பெட்டி உங்களுடையது என்பதால் அதில் உள்ள கடிதங்களை ஊருக்குக் காட்ட உங்களுக்கு உரிமை வந்துவிடாது.

இது வாத்தியாரின் நீதிபோதனை மட்டும்தான் என்று நினைத்தால் ஒரு கணக்குப் பாருங்கள். 2018ல் உலகமே பேசிய கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம். குணம் சொல்கிறேன் என்று ஒரு கேள்வி பதில் செயலி. அந்தக் காலத்து ஃபேஸ்புக் விதிப்படி, செயலியைப் போட்டவரின் நண்பர்கள் விவரத்தையும் அது அள்ளிக்கொள்ளலாம். ஃபேஸ்புக்கே கொடுத்த கணக்குப்படி இந்தியாவில் அந்தச் செயலியைப் போட்டவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய இந்தியர்கள் 5,62,455 பேர். கழித்துப் பாருங்கள். 5,62,120 பேர் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. அவர்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் தொட்டார். அவ்வளவுதான். அந்த யாரோ ஒருவரும், "எனக்கு மறைக்க என்ன இருக்கு" என்றுதான் சொல்லியிருப்பார்.

மெயிலிலும் இதே கதை. அமெரிக்காவில் 'அன்ரோல் மீ' என்று ஒரு இலவசச் சேவை, விளம்பர மெயில்களைச் சுத்தம் செய்யும் வேலை. நான் போட்டதன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தாய் நிறுவனம், பயனர்களின் மெயிலில் இருந்த 'லிஃப்ட்' டாக்சி ரசீது விவரங்களைப் பெயர் நீக்கிப் போட்டி நிறுவனமான ஊபருக்கு விற்றது 2017ல் நியூயார்க் டைம்ஸ் மூலம் தெரியவந்தது. உங்கள் சொந்த மெயில்களைத் தொடமாட்டோம் என்று பொய் சொல்லி அனுமதி வாங்கியதாக 2019ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. 2018 ஜூலையில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இன்னொன்றை வெளியிட்டது. 'ரிட்டர்ன் பாத்' என்ற நிறுவனத்தின் ஊழியர்கள், தங்கள் மென்பொருளுக்குப் பயிற்சி கொடுக்க, சுமார் 8,000 மெயில்களை மனிதக் கண்ணாலேயே படித்திருக்கிறார்கள். நிறுவனத்தின் பதில்? பயனர்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைப்படிதான் நடந்தோம்.

ஒப்புக்கொண்டது யார்? பெட்டிக்காரர். அந்த 8,000 மெயில்களை எழுதி அனுப்பியவர்களை யாராவது கேட்டார்களா?

"சட்டம் வந்துவிட்டதே சார்" என்பீர்கள். வந்திருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் ஆறாவது பிரிவில் ஒரு எடுத்துக்காட்டே கொடுத்திருக்கிறார்கள். போன் வழியாக வைத்தியம் பார்க்கும் செயலி ஒன்று உங்கள் தொடர்பு எண்களையும் கேட்கிறது, நீங்களும் சரி என்கிறீர்கள். வைத்தியத்துக்கு அந்த எண்கள் தேவையில்லை என்பதால், நீங்கள் சரி என்று சொன்னாலும் அந்தச் சம்மதம் வைத்தியத்துக்கு மட்டும்தான் செல்லும். அருமையான எடுத்துக்காட்டு. அதே பிரிவு, சம்மதம் கேட்கும்போது எளிய மொழியில் கேட்க வேண்டும், எட்டாவது அட்டவணை மொழிகளிலும் படிக்க வசதி தர வேண்டும் என்கிறது. அதாவது தமிழில். கொடுத்த எளிமையிலேயே சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது.

ஆனால் அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம், அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். என்னை நம்பி எழுதிய பெண்ணுக்கு அதில் ஒரு ரூபாய் இல்லை. இன்னொன்று. தனிநபர் தன் சொந்த, வீட்டுக் காரியத்துக்காக வைத்திருக்கும் தகவலுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. பொருந்தவும் கூடாது, இல்லாவிட்டால் நம் வீட்டு டைரிக்கெல்லாம் அதிகாரி வருவார். ஆகவே அவளுடைய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமையை எந்தச் சட்டமும் என்மேல் சுமத்தவில்லை. அது என் மானத்தைப் பொறுத்தது.

இரண்டு எதிர்க்கேள்விகள் வரும், முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்.

"கூகுளே எல்லாத்தையும் பார்க்குதே?" விளம்பரத்துக்காக ஜிமெயிலை அலசுவதை நிறுத்துவதாக 2017 ஜூனில் கூகுள் அறிவித்தது. அதை நம்புங்கள், நம்பாமல் போங்கள். வீட்டு ஓனரிடம் ஒரு சாவி இருக்கிறது என்பதற்காகத் தெருவில் போகிறவனுக்கும் ஒன்று வெட்டிக் கொடுப்பீர்களா?

"அப்போ செயலியே வேண்டாமா?" அப்படிச் சொல்லவில்லை. ஒரு தளத்துக்குள் நுழைய கூகுள் கணக்கைக் காட்டுவது வேறு. அதில் பெரும்பாலும் பெயர், மெயில் முகவரி, படம் போகும். மெயிலைப் படிக்க, அனுப்ப, தொடர்பு எண்களை எடுக்க, கோப்புகளைத் திறக்க என்று கேட்பது வேறு. முன்னது வாசலில் பெயர் சொல்வது. பின்னது பீரோ சாவி. பீரோ சாவி கேட்டால் ஏன் என்று கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நம் ஊர்ப்பக்கம் இன்னொரு கொடுமை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட பிரௌசிங் சென்டரில்தான் முதல் மெயில் முகவரியே பிறக்கிறது. கடைக்காரர் பாஸ்வேர்டு போடுகிறார். பிள்ளையின் பெயர், பக்கத்தில் 123. அது அவருடைய நோட்டிலும் இருக்கும், மதிப்பெண் பட்டியலின் பின்னாலும் பென்சிலில் இருக்கும். நீட் விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, கல்விக் கடன், பிறகு வேலை எல்லாம் அதே மெயிலில். கடைக்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த நோட்டு யார் கையில் போகும் என்று அவருக்கே தெரியாது. பதினைந்து வயதில் நாம் கற்றுக்கொடுக்கிற பாடம், உன் கடிதப் பெட்டியின் சாவி கடையில் தொங்கினால் தப்பில்லை என்பது. இன்னும் பணியில் இருக்கிற ஆசிரிய நண்பர்களே, ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். அவரவர் பாஸ்வேர்டை அவரவர் மாற்றட்டும்.

மற்றவர்கள் இன்று செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் மூன்றாம் தரப்புச் செயலிகள் என்று இருக்கும் இடத்துக்குப் போங்கள். ஃபேஸ்புக்கிலும் அமைப்புகளில் செயலிகளுக்கு இப்படி ஒரு பட்டியல் உண்டு. பெயர் ஞாபகமில்லாததை எல்லாம் நீக்குங்கள். போனில் அழித்தால் போதாது, அங்கே போய் நீக்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்குக் கூப்பிடுங்கள். நீக்கிய பிறகும், அவர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது திரும்பி வராது. அதனால்தான் அமுக்குவதற்கு முன்னால் யோசிக்கச் சொல்கிறேன்.

மாமல்லபுரம் பையனிடம் போன மாதம் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க எதுக்கு சார்" என்று கூச்சப்பட்டான். "நீ செஞ்ச அதே தப்பை நானும் செஞ்சேன்ப்பா, உன்னைத் திட்ட எனக்குத் தகுதி இல்ல" என்றேன். அவன் போனையும் வாங்கிப் பார்த்தேன். ஆறு இருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து நீக்கினோம்.

இந்தப் பதிவைத் தாராளமாகப் பகிரலாம், என்னைக் கேட்க வேண்டாம். இதில் வரும் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "எழுதுங்க சார், ஆனா என்னை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது" என்றாள். அவளைப் பற்றிச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள்.